கொம்பில்லாத குதிகால் அக்காவுக்கு

குதிகாலைக் கண்டே குடும்பக் கதை சொல்லும் கூர்விழியே! சாய்ந்த பாதங்களைச் சமன்செய்த சான்றாண்மையே! ஆயிரமாயிரம் பேருக்கு ஆப்பு வைத்தும் அத்தனை பேராலும் வாழ்த்தப்பட்ட ஒரே அதிசயமே! முப்பத்து மூன்று ஆண்டுகள் மனிதரின் முதுகுப் பக்கம் நின்றே பணியாற்றி, ஓய்வுபெறும் இன்று முதன்முறையாக எங்கள் முகத்துக்கு நேரே அமர்த்தப்பட்டிருக்கும் எங்கள் குதிகால் அக்காவே! வணக்கம்.

தாங்கள் நாற்காலியில் நெளிவது தெரிகிறது. தாராளமாக நெளியலாம், எழுந்து போகத்தான் முடியாது. கதவருகே பட்டறையின் தூள் அண்ணன் நிற்கிறார். காலணித் தட்டுகளைத் தேய்க்கும் அரைப்பு எந்திரத்தின் முன் நின்று நின்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தூள் படிந்ததால் அப்பெயர் பெற்ற அவர், இன்று குளித்துவிட்டு வந்திருப்பதால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை.

தாங்கள் இந்தப் பாத மையத்தில் காலடி வைத்த நாளில் இங்கே இருந்தவை ஒரு நீண்ட நடைகூடம், கீழ்த்தளத்தில் பாத அச்சு வார்க்க ஒரு மாவுத்தொட்டி, ஓர் அரைப்பு எந்திரம். இன்றும் அவைதான்; எந்திரம் மட்டும் இருமுறை மாறியது. இடையில் தங்கள் கண்முன் நடந்து கடந்த பாதங்களை வரிசையாக நிறுத்தினால் நிலா வரை எட்டும். அங்கே போய் இறங்கும் முதல் பாதமும் உள்பக்கம் சாய்ந்தே இறங்கும். தாங்கள் இங்கிருந்தே கண்ணைச் சுருக்கி, "வலதுல மூணு டிகிரி" என்பீர்கள். மிகையென்று நினைப்பவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நடந்ததைக் கேட்கவேண்டும். முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம், "உங்களுக்கு இடது முழங்கால் வலிக்குமே?" என்றீர்கள். ஆடிப்போன அவர், சோதிடம் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினார். "கையை வெச்சு நான் என்ன பண்ண? செருப்பைக் கழட்டுங்க" என்றீர்கள். அவர் கழற்றினார், பேருந்து போய்விட்டது.

தட்டைப் பாதம் என்றாலே குற்றப்பத்திரிகை வாசிக்கும் உலகத்தில், பாதம் உள்நோக்கிச் சாய்வது குற்றமே அல்ல என்று வாதாடிய வழக்கறிஞர் தாங்கள்! குதிகாலின் வெளிவிளிம்பு முதலில் தரை தொடும். பாதம் மெல்ல உள்ளே சாயும். வளைவு சற்றே தாழ்ந்து உடலின் எடையை வாங்கிக்கொள்ளும். பின் நிமிர்ந்து, இறுகி, பெருவிரலால் உந்தித் தள்ளும். இந்தத் தாழ்வும் நிமிர்வும்தான் நடை. "சாயட்டும், சாய்ஞ்சாத்தான் பாதம். எழுந்திருக்க மறந்துபோனாத்தான் நமக்கு வேலை" என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தாங்கள் சொன்ன வாசகம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அளவுமீறிச் சாய்ந்தால் கணுக்கால் உள்ளே விழும், கணைக்கால் எலும்பு அதோடு திரும்பும், ஒன்றுமறியாத முழங்கால் இழுபடும், இடுப்பு வரை ஊரே திரண்டு சண்டைக்கு வரும். அந்தச் சண்டையை அடக்கத் தாங்கள் அனுப்பிவைத்த சமாதானத் தூது, காலணிக்குள் வைக்கும் ஓர் உள்தட்டு. சாய்வைத் தடுக்காமல் அதன் வேகத்தை மட்டும் தணிப்பது. அதன் குதிகாலடியில் ஒட்டும் சாய்வுத் துண்டுக்கு நம் பட்டறையில் ஆப்பு என்று பெயர். "உங்களுக்கு நாலு டிகிரி ஆப்பு வெக்கணும்" என்று சிரிக்காமல் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை, "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று கேட்கவைத்த பெருமை தங்களையே சாரும்.

இத்தனை பெருமைக்கிடையே தங்களிடம் ஒரே ஒரு குறை. தங்களுக்குக் கொம்பு கிடையாது. பெரிய பெரிய மனிதர்கள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோதும் தங்கள் தலையில் கொம்பு முளைக்கவில்லை, அதனால் மகிழ்ந்தோம். தங்கள் எழுத்திலும் முளைக்கவில்லை, அதனால் தவித்தோம். எறும்பின் மீசையளவு ஒரு கோடு இழுத்துவிட்டு அதுதான் கொம்பு என்று சாதிப்பீர்கள். தங்கள் கையில் பெருவிரல் பருவிரலாகும், செருப்பு சருப்பாகும், வெந்நீர் வந்நீராகி மாவுத்தொட்டிக்கு வராமலே போகும். சிரித்தோம். சிரித்துக்கொண்டே முப்பத்து மூன்று ஆண்டுகளை ஓட்டினோம். சென்ற மாதம்வரை.

மாவு அச்சின் குதிகாலில் பென்சிலால் குறி எழுதுவது நம் வழக்கம். 'இ' என்றால் இடது, 'வ' என்றால் வலது. 'உ' என்றால் ஆப்பு உள்பக்கம், 'வெ' என்றால் வெளிப்பக்கம். பிறகு எத்தனை டிகிரி என்ற எண். அவ்வளவுதான் கடிதம். வலதுக்கும் வெளிக்கும் நடுவே காவல் நின்றது ஒற்றைக் கொம்பு.

வீடுவீடாகப் போய் மின்மீட்டர் பார்க்கும் பெண் ஒருவர் தங்களிடம் வந்தார். ஒன்பது ஆண்டுகள் தற்காலிக வேலை. நிரந்தரமாவதற்கு ஒரே நிபந்தனை: மருத்துவக் குழுவின் முன் இரண்டு மணி நேரம் நொண்டாமல் நடக்கவேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்தவருக்கு. இருக்கிற வேலையும் அன்றோடு சரி. பன்னிரண்டு நாள் இருந்தது.

"ஒரு நாளைக்கு நூத்தம்பது வீடு ஏறி இறங்கறேன்க்கா. எல்லா வீட்டு நாய்க்கும் என்னைத் தெரியும். இப்ப நான் நொண்டிக்கிட்டு வர்றதைப் பார்த்து அதுங்க குரைக்கறதையே விட்டுடுச்சுங்க. பாவம் பார்க்குதுங்க. அதைத்தான்க்கா தாங்க முடியல."

தாங்கள் சிரிக்கவில்லை. நடைகூடத்தில் அவரை நிறுத்தி, எல்லோரிடமும் சொல்வதையே சொன்னீர்கள்: "திரும்பிப் பார்க்காம நட. பார்த்தா நடை பொய் சொல்லும். பின்னாடி நான் இருக்கேன்."

அவருக்கு முன்பே இரண்டு கடைகளில் ஆயத்த உள்தட்டு விற்றிருந்தார்கள், இரு காலுக்கும் ஒரே மேடு. தாங்கள் கண்டது வேறு. இடது கால் வலதைவிட ஒரு நூல் நீளம். நீண்ட கால் தன்னைக் குட்டையாக்கிக்கொள்ள உள்ளே மடங்கியது. குட்டைக் கால் எட்டிப்பிடிக்க வெளிவிளிம்பில் நிமிர்ந்து நின்றது. ஒரே உடம்பில் இரண்டு பாதம், இரண்டு கட்சி! இடதுக்கு உள்ளே நான்கு. வலதுக்கு வெளியே மூன்று, அடியில் சற்று உயரம். அச்சில் எழுதினீர்கள். இ உ 4. வ வெ 3.

கீழ்த்தளத்தில் கைக்குக் கை மாறி வந்த அச்சில் அந்த எறும்பு மீசை உதிர்ந்துபோனது. தூள் அண்ணன் கண்டது: வ வ 3. நூறு ஜோடியில் தொண்ணூற்றெட்டுக்கு ஆப்பு உள்ளேதான். உள்ளே ஒட்டினார். வெளியே சரிந்த பாதத்தை மேலும் வெளியே தள்ளும் ஆப்பு.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் வந்தார். நான்காவது மாடியிலிருந்து இறங்கும்போது வலது கணுக்கால் புரண்டிருந்தது. காலணிக்குள் கால் நுழையாத வீக்கம். காலணியைக் கையில் வைத்திருந்தார்.

தாங்கள் உள்தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். கீழ்த்தளத்திலிருந்து தூள் அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தீர்கள்.

"நான்தான் ஒட்டினேன்க்கா. 'வ வ'ன்னு இருந்துச்சு. வலது, வலதுன்னு அழுத்திச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"நான் என்னைக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், தூளு?"

"தினமும் சொல்றீங்களேக்கா."

வேறு நாளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை.

நம் துறைத்தலைவர், இதோ முன்வரிசையில் அமர்ந்து இதையும் எழுதச் சொன்னவர், அன்று தங்கள் மீதுள்ள அக்கறையால் தனியே அழைத்து, "நோயாளி முறைப்படி அணியலன்னு எழுதிடுங்களேன். மூணு வாரத்துல ஓய்வு. கடைசி நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார். தாங்கள் திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

"தப்பு உன் கால்ல இல்லம்மா. நீ போட்டதிலயும் இல்ல. என் எழுத்துல."

அவர் அழவில்லை, திட்டவில்லை. "ஏழு நாள்தான்க்கா இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கோப்பில் தாங்கள் எழுதிய வரியை நாங்கள் படித்தோம்: "குறியில் கொம்பு தெளிவாக எழுதப்படவில்லை. பிழை என்னுடையது." அந்த 'தெ' கொம்பு யானைத் தந்தம் போல் மேல்வரியைக் குத்திக்கொண்டு நின்றது.

அன்றே வேலை தொடங்கியது. இடது உள்தட்டைத் தொடவில்லை. அது காலோடு பழகத் தொடங்கியிருந்தது. வலதின் ஆப்பை மட்டும் பெயர்த்து, வெளியே ஒட்டி, தூள் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைத்தார். ஆனால் புதிய ஆப்புக்குப் பாதம் பழக இரண்டு வாரம் வேண்டும். வீக்கம் வடிய மூன்று நாள் ஓய்வு. எஞ்சியது மூன்றே நாள்: முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் ஒன்றரை மணி. ஒவ்வொரு நாளும் நடைகூடத்தில் அவர் நடக்க, தாங்கள் பின்னால் நடந்தீர்கள். முழு இரண்டு மணி நேரத்தை அந்தக் கால் முதன்முதலாகச் சந்திக்கப்போவது தேர்விலேதான்.

தேர்வு நாளன்று தாங்கள் விடுப்பு எடுத்தீர்கள். தங்களுக்கு விடுப்பு விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மூன்று பேரைக் கேட்டீர்கள். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கும் மாவு அச்சு வார்த்த நம் பழைய அச்சுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "வேலை வெட்டி இல்லாமத்தானே இருக்கே? வா" என்று கூட்டிப்போனீர்கள். இனி வருவது அவர் கண்ணால் கண்ட சாட்சி. மிகை சேர்க்கவில்லை என்று அவர் மிகையாகவே சத்தியம் செய்திருக்கிறார்.

குழு முன்னே வண்டியில் ஊர்ந்தது. அந்தப் பெண் நடந்தார். ஐம்பது அடி பின்னால், விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒளிந்து ஒளிந்து, தாங்கள். கம்பம் ஒல்லி, தாங்கள் அப்படியல்ல. ஒரு மணி நேரம் குதிகால் இரண்டும் ஒழுங்காக விழுந்தன. ஒன்றேகால். ஒன்றரை. இதுவரை அந்தக் கால் பார்த்தது இவ்வளவே. அங்கிருந்து சாலை மேடேறியது. மேட்டின் பாதியில் வலது குதிகால் வெளியே ஒருமுறை நழுவியது. தாங்கள் அச்சுக்காரரின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தழும்பை இன்றும் காட்டுகிறார். இன்னொருமுறை நழுவியது. அந்தப் பெண் நின்றுவிட்டார். வண்டியும் நின்றது. ஒருவர் சன்னல் வழியே தலையை நீட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

"திரும்பாதே... திரும்பாதே..." என்று தாங்கள் முணுமுணுத்தீர்கள்.

அவர் குனிந்தார். அவிழ்ந்திருந்த வலது காலணியின் கயிற்றை இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டார். நிமிர்ந்தார். திரும்பவில்லை. நடந்தார். மேடு முடிந்தது, இரண்டு மணி நேரமும் முடிந்தது. தாங்கள் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

நான்கு நாள் முடிவு வரவில்லை. அந்த நான்கு நாளும் தாங்கள் அச்சுகளில் எழுதிய கொம்புகளைப் பார்த்துத் தூள் அண்ணன் பயந்தார். ஒவ்வொன்றும் முட்ட வந்தது. ஐந்தாம் நாள் காலை அந்தப் பெண் பணியாணையோடு வந்து, தங்களிடம் கொடுக்காமல் முதலில் தூள் அண்ணனிடம் நீட்டி, "இதையாவது சரியாப் படிங்கண்ணே" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்றார்.

"நீங்க பின்னாடி வந்தது எனக்குத் தெரியும்க்கா" என்றார் அந்தப் பெண் தங்களிடம். "மேட்டுல உங்க மூச்சு எனக்குக் கேட்டுச்சு. திரும்பத்தான் கூடாதுன்னீங்களே."

அவர் இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வரும் வழியில் நாய்கள் குரைத்தனவாம்.

அக்காவே! கேடயம் வேண்டாம், சால்வை வேண்டாம் என்றீர்கள். ஆகவே அந்த வலது பாத அச்சையே தங்கள் கையில் தருகிறோம். உதிர்ந்த இடத்தில் தூள் அண்ணன் உளிகொண்டு கொம்பைச் செதுக்கியிருக்கிறார். இனி எந்தக் கை பட்டாலும் உதிராது. தங்கள் கண் ஒளி குன்றாதிருக்கட்டும், முழங்கால் முணுமுணுக்காதிருக்கட்டும், இதுவரை ஊரார் நடையைப் பார்த்த தாங்கள் இனி தங்கள் ஆசைப்படி ஊரெல்லாம் நடந்து, நூறாண்டு தாண்டியும் செருப்புத் தேய வாழவேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அந்த நடைகூடம் வழியாகத்தான் வாசலுக்குப் போகவேண்டும். நாங்கள் எல்லோரும் இந்தக் கோடியில் நிற்போம். தங்கள் குதிகால் எப்படி விழுகிறதென்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் பார்த்ததில்லை, இன்று பார்க்கப்போகிறோம்.

திரும்பிப் பார்க்காம நடங்க, அக்கா. பின்னாடி நாங்க இருக்கோம்.

இங்ஙனம்,
தங்களிடம் நடை பயின்ற
பாத மையப் பணியாளர்கள்

(மடல் தீட்டியவர்: நகத்தழும்புடன், பழைய அச்சுக்காரர் 'மாவுக்கட்டு'. கொம்புகள் அனைத்தும் இருமுறை சரிபார்க்கப்பட்டன.)