மூலைக் கடைக்கு உரிமைகாரர்

"ஹலோ... பைசர் தம்பியா? ஸலாம். ஜுனைதீன் காக்கா கதைக்கிறன்... ஓம், ஓம், அந்தச் சந்தைக் காணி விசயம்தான். போன கிழமை விசாரணையில நான் சொன்னத எழுதிட்டீங்கதானே?... நல்லது. நிஸ்லா எழும்பிப் போன பிறகுதானே வாய் திறந்தனான்."

ஜுனைதீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பைசர் நகர சபைக் கிளார்க். புதிய சந்தைக்காக அந்தச் சபை ஜுனைதீனின் தங்கை நிஸ்லாவின் காணியை எடுக்கிறது. பதிலுக்கு அவளுக்குச் சந்தையில் மூலைக் கடை ஒன்று. கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு வயிறு எரிகிறது. பஸ் நிலையத்துப் பக்கம் தறப்பாள் கட்டி உடுப்பு விற்கிறவர் அவர். முருங்கன் ஊரில் ஏற்கெனவே கடை வைத்திருக்கிற தங்கை புருசன் வஸீருக்கு இன்னொரு கடையா?

"இல்ல தம்பி, அந்தக் காணிய சீதனம் எண்டு வாப்பா வாயாலதான் குடுத்தவர். காணி உறுதிப் பத்திரம் எழுதல்ல. அப்ப எனக்கும் பங்கு... என்ன? அவர் குடுக்கேக்க, நிஸ்லாட நிக்காஹில நானும் நிண்டனானா? நிண்டனான்தான். அதுக்கு?... வஸீர்ட நடையப் பாத்தீங்களா இப்ப? சந்தையே அவன்ட வாப்பாட முதுசம் மாதிரி... பொறாமையா? எனக்கா? நியாயம் தம்பி, நியாயம்... வழக்கெண்டு கோட்டுக்குப் போகுமா? போகட்டும். ரெண்டு பேர் உரிமை கேட்டா ஒருத்தருக்கும் கடை இல்லையா?... அதுவும் நல்லம். எனக்கு இல்லாட்டியும் பரவாயில்ல, அவனுக்குக் கிடைக்கக்கூடாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை.

"என்ன தம்பி?... ஆரு, நிஸ்லாவா? நகர சபைக் கந்தோருக்கு வந்தவவா? என்னெண்டு சொன்னவ?... கடைய ஆருட பேருக்கு?... இல்ல, திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"என்ட பேருக்கா... வஸீரும் ஓமெண்டவனா?... அவன்தான் முதல்ல சொன்னவனா. மச்சான் வெயிலுக்க நிண்டு காயுறார் எண்டு..."

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"தம்பி, நான் சொன்னத வெட்டிவிடுங்கோ. பொய்யெண்டே எழுதுங்கோ, வந்து கையெழுத்து வைக்கிறன்... எழுதினத ஏற்கெனவே கோட்டுக்கு அனுப்பியாச்சா... அப்ப மூலைக் கடை?... பட்டியல்ல அடுத்த ஆளுக்கா... சரி. சரி தம்பி. நிஸ்லாக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ... என்ன? இப்ப எங்க இருக்கிறா?... உங்கட மேசைக்கு முன்னாலயா?... முதல்ல இருந்தே போன் லவுட் ஸ்பீக்கரிலயா கிடக்கு?"

அவர் எழும்பினார். மறுபடி உட்கார்ந்தார்.

"நிஸ்லா... உன்ட காக்காதான்... என்னவாவது சொல்லு... ஏசினாலும் பரவாயில்ல... நிஸ்லா?... ஹலோ?"