இடுப்பின் இரண்டு பக்கங்கள்

நித்தியகல்யாணிக்கு அதிகம் தண்ணீர் தேவையில்லை. எங்கள் கிணற்றடியில் அது தானாகவே முளைத்துப் பூக்கும்.

அறுபத்தொன்பதில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்து, சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தேன். அங்கே நித்தியகல்யாணி இலைச்சாறு பட்டதும் தோல் புற்றுநோய்ச் செல்கள் சுருங்கிச் செத்ததை மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். "கண்ணாடித் தட்டுல மண்ணெண்ணெய் விட்டாலும் சாகும்மா. உடம்பு வேற," என்று பேராசிரியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பியபோது தேவகி அண்ணிக்கு இடுப்பில் புண். பாவாடை நாடா வருடக்கணக்கில் இறுக்கிக் கறுத்துப்போன இடம். ஓரம் தடித்து, ஆறாமல் இருந்தது. புற்றுநோய்தான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

"மெட்ராசுக்கு இட்டுக்கினு போயி காட்டிடலாம்," என்றார் அண்ணன் கோதண்டபாணி, தறியில் உட்கார்ந்தபடியே.

"அங்க ஆம்பள டாக்டருங்க இடுப்பைத் தொறந்து பார்ப்பாங்க. நான் வரமாட்டேன். காந்தா படிச்ச பொண்ணுதானே, அதுவே பார்க்கட்டும்," என்றார் அண்ணி.

"வைகாசி கருடசேவை கழியட்டும் அண்ணா," என்றேன் நான். அது கழிந்ததும், ஆடி கழியட்டும் என்றேன். அவர் தலையாட்டினார்.

புண்ணின் வலது பாதியில் சாறு தடவினேன். இடது பாதியில், பட்டுக்குப் போடும் பச்சைச் சாயம் ஒரு துளி கலந்த தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

"இந்தப் பக்கம் எரியுது, அந்தப் பக்கம் சில்லுனு இருக்குது. ஒரே மருந்துதானேம்மா?"

"ஒரே மருந்துதான் அண்ணி."

"அப்போ அந்தப் பக்கம் உன்னை மாதிரி. என்ன செஞ்சாலும் வாயே தொறக்காது." அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் சென்னைக்குக் கொண்டுபோனோம். புண்ணான புதிதில் வந்திருந்தால் வெட்டி எடுத்துக் குணப்படுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். தை பிறக்குமுன் அண்ணி போய்விட்டார். அண்ணன் இப்போது என் கையால்தான் சாப்பிடுகிறார். "நீயாவது கூட இருந்து பார்த்துக்கினியேம்மா," என்கிறார். நான் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறேன்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லவில்லை. ஆடியிலேயே அண்ணியின் தொடையிடுக்கில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. நோய் பரவிவிட்டது என்று புரிந்தது. வலது பக்கம் அப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது.

அண்ணி வீணாகப் பயந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.