ஏழாவது சீட்டு

கிளாரினெட் மேல் ஸ்கூட்டரை ஏற்றியது நான்தான். அதில் சந்தேகமே வேண்டாம். பள்ளியில் இருந்த ஒரே கிளாரினெட்டைப் பெட்டியோடு வண்டிக்குப் பின்னால் தரையில் வைத்தேன். கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். கருப்பட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

தாளாளர் ஃபாதரிடம் நேரே போய்ச் சொன்னேன். "பதினாலு வருசத்துல இன்னைக்குத்தான் ஃபாதர் அது ஒழுங்கா சத்தம் போட்டுச்சு." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் அத்தோடு முடிந்தது. ஆளைச் சிரிக்கவைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஐம்பத்தொரு வயதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வாத்தியம் அதுதான்.

மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பெயர் கிளெமென்ட். திண்டுக்கல்லில் நீங்கள் விசாரிக்க வந்த பள்ளியின் பேண்ட் மாஸ்டர். வீடு பேகம்பூரில். வேறு வழக்கு எதுவும் என் மேல் இல்லை.

கிளாரினெட்டில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை எங்கள் தகர ஷெட்டில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு வாத்தியங்களைப் பரப்பி வைப்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, எது பிடித்திருக்கிறதோ அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். தொடக் கூடாது, நின்றால் போதும். பிறகு நான் ஒவ்வொரு பிள்ளையாகப் பல்லைக் காட்டச் சொல்வேன். ஊதுகிற வாத்தியத்துக்கு முன்பல் முக்கியம். சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி பல் பார்க்கிறேன் என்று பி.டி. மாஸ்டர் ராயப்பராஜ் வருடா வருடம் சொல்வார். நானும் வருடா வருடம் சிரிப்பேன்.

எல்லாப் பிள்ளைகளும் சின்ன டிரம் பக்கம் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். நாகஜோதி மட்டும் தனியாகக் கிளாரினெட் முன்னால் போய் நின்றாள். ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அம்மா அய்யம்மாள் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பவர், அப்பா இல்லை. பல்லைக் காட்டச் சொன்னேன், காட்டினாள். நல்ல வரிசையான பல். "உனக்குத்தாம்மா இது" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சனிக்கிழமைதான் வண்டியை ஏற்றினேன்.

திங்கட்கிழமை அவளிடம் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் போய், உன் வாத்தியத்தை நான் நசுக்கிவிட்டேன் என்று ஒரு மாஸ்டர் எப்படிச் சொல்வது. மறுபடியும் பல்லைப் பார்த்தேன். "முன்னாடி ஒரு சந்து இருக்குதும்மா. காத்தெல்லாம் அந்த வழியா மதுரைக்குப் போயிரும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சந்து இருந்தது உண்மைதான், ஒரு முடி நுழையாது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். வெட்கப்படுகிற வயது என்று நினைத்துக்கொண்டேன்.

உயரமான பெண், தோளும் கெட்டி. அதனால் நெஞ்சில் மாட்டி அடிக்கிற பெரிய டிரம்மைக் கொடுத்தேன்.

"பொம்பளப் பிள்ளைக இத அடிப்பாங்களா சார்?"

"ஏன், உங்க அம்மா உன்னைய அடிச்சதே இல்லையா?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் ஜால்ராத் தட்டு பிடிக்கிற டெய்சி, "ஏன்டி, பாத்து அடி. தகரம் கழண்டு என் தலையில விழுந்துரும்" என்றாள். பத்தே நாளில் தெரிந்துவிட்டது, என் பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு தாளம் எனக்குக் கிடைத்ததில்லை என்று.

அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவட்டப் போட்டியில் எங்களுக்கு ஒரு தடவைகூடப் பரிசு கிடைத்ததில்லை. ஆறுதல் பரிசு கொடுப்பார்கள், எவர்சில்வர் டிபன் பாக்ஸ். என் வீட்டில் பதினோரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. ஆசிரியர் அறையில் என் பெயர் ஆறுதல் மாஸ்டர். "என்ன ஆறுதல், இந்த வருசமும் சாப்பாட்டு ஏனந்தானா?" என்பார் ராயப்பராஜ். "எனக்கு மேல்மூடி மட்டும் குறையுதுய்யா, அது கிடைச்சதும் ரிட்டையர் ஆயிருவேன்" என்பேன். வீட்டுக்குப் போய் அந்தப் பதினொன்றையும் பார்ப்பேன். இது என் பக்க நியாயம் இல்லை, மேடம். கேட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆகஸ்டில் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. கண், பல், காது, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். அன்று பேண்ட் வகுப்பு என்பதால், குறை இருந்த என் பிள்ளைகளின் சீட்டுகளை என்னிடமே கொடுத்தார்கள். ஏழு சீட்டு. நான் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் கையில் இருக்கும் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.

ஆறு சீட்டுகளை அன்று மாலையே கொடுத்துவிட்டேன். டெய்சிக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றிருந்தது. இன்னொருவனுக்குச் சொத்தைப்பல், மூன்று பேருக்கு ரத்தம் குறைவு, ஒருவனுக்குத் தோல் அரிப்பு. அரிப்புக்காரன் வீட்டுக்கு நானே போன் போட்டும் சொன்னேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் அப்படித்தான்.

ஏழாவது நாகஜோதியுடையது. இரண்டு காதிலும் நாள்பட்ட சீழ், வலது காதில் எலும்பு அரித்திருக்கலாம், தாமதமில்லாமல் காது டாக்டரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தது. எழுதிய நர்ஸம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். ஆபரேஷன் இருக்கும், அப்புறம் மூன்று மாதமாவது கனம் தூக்கக் கூடாது, இரைச்சல் பக்கம் போகக் கூடாது என்றார். மூன்று மாதம் என்றால் நவம்பர், டிசம்பர். போட்டி ஜனவரியில்.

சீட்டை நான் கிழிக்கவில்லை. கிழிக்கிறவன் கெட்டவன். அணிவகுப்பு இசைக் குறிப்பு வைத்திருக்கும் ஃபைலில், கசங்காமல், பத்திரமாக வைத்திருந்தேன். ஜனவரி முடிந்ததும் கொடுப்பதாக இருந்தேன். அவளும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். பிள்ளைகள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது.

செப்டம்பரில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அய்யம்மாள் வந்தார். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், பிள்ளைக்குக் காது ஒழுகுது. தலகாணியெல்லாம் நாத்தம். தேங்காண்ணெயக் காச்சி ஊத்திப் பாத்தேன், நிக்கல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமான்னு இருக்கு."

"காதுதானம்மா ஒழுகுது. வாய் ஒழுகலையே, அம்புட்டுக்குக் கெட்டிக்காரி."

அவர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். பிறகு கேட்டார்: "இங்கயே டாக்டருங்க வந்து பாத்தாங்களாம்ல சார்?"

"பாத்தாங்க."

"அப்பச் சரி சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாரேன்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்தார்கள்.

நவம்பரில் ஒரு நாள் பயிற்சியின் நடுவில் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வாத்தியங்களைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். நாகஜோதி மட்டும் என் கையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் நிறுத்தியதும் தெரியவில்லை. நான் கையை இறக்கவில்லை. எவ்வளவு நேரம் அடிப்பாள் என்று பார்த்தேன். நான் கையை இறக்குகிற வரைக்கும் அடித்தாள். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பேண்டில் பெரிய வியாதி, ஒருவன் அவசரப்பட்டால் எல்லோரும் அவன் பின்னால் ஓடுவது. ஊதுகிறவன் பதறினால் டிரம்காரனும் பதறுவான். டிபன் பாக்ஸ்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். நாகஜோதியை யாராலும் இழுக்க முடியாது. அவள் காதுக்கு அவர்கள் யாரும் எட்டவில்லை. என் கை மட்டும்தான் அவளுக்குத் தாளம். அதனால் டெய்சிக்கு மறுபக்கத்தில் இருந்த டிரம்பெட் பையனையும் நாகஜோதியின் காதோரமாக நகர்த்தி நிறுத்தினேன். அவளுக்குத் தொந்தரவு இருக்காது, மற்றவர்களுக்கு அவள் அடி நன்றாகக் கேட்கும். "எல்லாரும் நாகஜோதியப் பாருங்க. கண்ணு என் கையை விட்டு நகருதா?" என்று தினமும் சொல்வேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போட்டியைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அது என் தவறில்லை. மைதானத்தில் ஒரே கூச்சல், பக்கத்து வரிசையில் இன்னொரு பள்ளி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாப் பள்ளியின் தாளமும் சரிந்தது. எங்களுடையது சரியவில்லை. முதல் பரிசு. கோப்பையை நாகஜோதி கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் பின்னால் நிற்கிறேன். ராயப்பராஜ் என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே உன்னைய என்னன்னுய்யா கூப்பிடறது?" என்று கண் கலங்கினார்.

அதற்குப் பிறகு ஆண்டு விழா. கோப்பை வாங்கிய பேண்ட் இல்லாமல் ஆண்டு விழா எப்படி நடக்கும். பிறகு முழுப்பரீட்சை வந்தது. பரீட்சை நேரத்தில் பிள்ளையின் மனதைக் கலக்கக் கூடாது. பிறகு லீவு விட்டுவிட்டார்கள். லீவில் பள்ளியின் தபாலை யார் கொண்டுபோய்க் கொடுப்பது.

மே மாதம் ஆத்தூரில் பூ எடுத்துக்கொண்டிருந்தபோது நாகஜோதி தலை சுற்றி விழுந்தாள். காய்ச்சல், வாந்தி. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சீழ் மூளையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அறுத்த டாக்டர் சொன்னாராம். உயிர் பிழைத்தது. வலது காது அறவே போய்விட்டது. இடது காதில் மெஷின் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே நிதானமாகப் பேசினால் கொஞ்சம் கேட்கும்.

சீட்டை ஒன்பது மாதம் கையில் வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னால்தானா என்று நான் கேட்டவர்களில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. டாக்டர், "அத இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார். ஃபாதர், "ஜெபம் பண்ணுங்க கிளெமென்ட்" என்றார். ராயப்பராஜ், "விடுய்யா, நீயா அது காதுல ஊத்துன?" என்றார். உங்களிடமும் கேட்டேன் மேடம். "எழுதுங்க சார்" என்றீர்கள்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வியாழக்கிழமை. காலையில் ஆத்தூர் போய்வந்தேன். மேலே எழுதியதில் எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அய்யம்மாள் பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டார். "இந்தப் பக்கமா உக்காருங்க சார். அந்தப் பக்கம் பேசுனா சுவத்துக்கிட்டப் பேசுன மாதிரிதான்." சீட்டு விஷயத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் டீ போட உள்ளே போனார். என் மேல் கோபமா என்று கேட்டேன். "சீனி எம்புட்டு சார் போட?" என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது.

நாகஜோதி தரையில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் முடி இன்னும் சரியாக வளரவில்லை. நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஜோக் போய்ச் சேரவில்லை. ஜோக்கை விட்டுவிட்டேன்.

முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். "நாகஜோதி, சீட்டப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?"

அவள் பூவைக் கீழே வைத்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போது சத்தமாகப் பேசுகிறாள். தெருவுக்கே கேட்டிருக்கும். கோபமெல்லாம் இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கேட்டேன் சார். டாக்டருங்க வந்த அன்னிக்குச் சாயந்தரமே கேட்டேன். டெய்சிக்கெல்லாம் சீட்டுக் குடுத்தீங்கள்ல, எனக்கு இல்லையா சார், அந்தம்மா எழுதுனாங்களேன்னு கேட்டேன். பெயிலானவங்களுக்குத்தான் சீட்டு, நீ பாசாயிட்டன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட என் காது பாசாயிருச்சுன்னு சொன்னேன். அம்மா முட்டை வாங்கி வறுத்துக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் வலிக்கத்தான் சார் செஞ்சுச்சு. பாசான காது வலிக்குதுன்னு சொன்னா மறுபடியும் சிரிப்பாங்கன்னு நான் யார்ட்டயும் சொல்லல."