ஆஸியாவுக்கு ஒரு ஷிஃப்ட்

...மத்த பட்டனெல்லாம் ஒத்த இழுப்புல வந்துருமுங்க, மறுபடி அமுக்குனா உக்காந்துக்கும். இந்த நீட்டுப் பட்டனுங்கதான் ரோதனை. ஷிஃப்ட்டு, என்ட்டரு, ஸ்பேஸ்பாரு... எல்லாம் ஒரே ரகம். உக்காருங்கக்கா, அந்த ஸ்டூல் ஆடாது. அடிவாரத்துக் காரவள்ளியிலருந்து இந்த மலை வளைவு அத்தனையும் சுத்தி வந்திருக்கறீங்க, தல கிறுகிறுங்கும்.

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, ஒரு கீபோர்டு பட்டனுக்குக் கீழ எதுக்குங்க கம்பி? பாருங்க, ரெண்டு பக்கமும் வளஞ்சு... இது இருந்தாத்தான் ஓரத்துல அமுக்குனாலும் பட்டன் சாயாம நேரா எறங்குமாமா. கழட்டறப்ப கம்பியக் கொக்கியிலருந்து எடுக்கோணும். மாட்டறப்ப மொதல்ல கம்பி, அப்பறந்தான் பட்டன், நடுவுல ஒரு அமுக்கு. எம்மவ ராதிகா இப்பத்தான் போன்ல சொல்லிக்குடுத்தா. சொல்றதுக்கென்ன, என்ற வெரல் தடிமனப் பாருங்க. அட, நழுவிருச்சு... இல்லீங்க, கெடச்சிருச்சு.

எல்லாம் என்ற ஊட்டுக்காரி பண்ணுன வேலை. கீபோர்டுக்குப் பக்கத்துல பலாச்சொளைத் தட்ட வெச்சா யாருங்க சும்மா இருப்பாங்க? தின்ன கையோட டைப் அடிச்சேன், ரெண்டு ஷிஃப்ட்டும் பிசின்ல ஒட்டிக்கிச்சு. கழட்டி, எண்ண போட்டுத் தொடச்சு, மாட்டி... மாட்டுனப்பறம் பாத்தா மேசமேல ரெண்டு கம்பி மிச்சம். சரி, உபரியாக் குடுத்திருக்கறான்னு டப்பாவுல போட்டுட்டேனுங்க. இன்னைக்கு நீங்க வந்து 'ஸ' கேட்டப்பத்தான் பாக்கறேன், ஷிஃப்ட் ஒரு பக்கமாச் சாஞ்சு மாட்டிக்குது. சாதா 'ச' சும்மா வந்துரும், 'ஸ'வுக்கு ஷிஃப்ட்ட அமுக்கியே ஆவோணும்.

அவசரந்தான், தெரியுமுங்க. நாலு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துல மனுவக் குடுக்கலீன்னா, உங்க புள்ள ஆஸியாவுக்குப் பத்தாவது சர்ட்டிபிகேட்டுல ஆயுசுக்கும் 'ஆசியா'தான். கண்டத்துப் பேரு. கூடப் படிக்கறதுங்க 'ஆப்பிரிக்கா வரலியா'ன்னு கேக்குதுங்களா? பாவம், புள்ள அழுவாம என்ன பண்ணும். எந்தக் கூமுட்டைங்க அந்த விண்ணப்பத்த அடிச்சது? அதப் பாத்துத்தான பள்ளிக்கூடத்துல ஏத்தியிருப்பாங்க. ஒத்த எழுத்தப் பாத்து அடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குங்க கடை? அது சரி, கீழ ஒரு டைப்பிங் கடை கூட இல்லீங்களா, இதுக்குப் போய் இத்தன தூரம் மலையேறி...

என்னங்க காயிதம்? பழைய விண்ணப்பத்துக் காப்பியா? குடுங்க பாக்கலாம். தேதி... ஆடி மாசமுங்களா. அடியில ரப்பர் ஸ்டாம்பு... செம்மேடு... இது நம்ம கடை ஸ்டாம்பாச்சே.

இத மொதல்லயே காட்டியிருக்கலாமுல்லீங்கக்கா. வந்ததுலருந்து இதத்தான் நீட்டிக்கிட்டு இருந்தீங்களா. நாந்தான் பேச உடல. உங்கூட்டுக்காரரு மொளகு ஏத்த வந்தப்ப நாந்தான் அடிச்சுக் குடுத்தது, ஆமாங்க, இப்ப நெனப்பு வருது.

வெக்கமா இருக்குதுங்க. ஆடியில பலாப்பிசின் ஒட்டுனதுலருந்து ஷிஃப்ட்டத் தொடாமயே பொழப்ப ஓட்டியிருக்கறேன். குண்டூர் நாடு, குண்டனி நாடுன்னு இந்த மலை ஊருங்கள்லருந்து வாரவங்க பேரு பெருமாயி, ராமாயி, அண்ணாமலை... ஒண்ணுக்கும் வேண்டியிருக்கல. ஜாதிச் சான்றிதழுக்குச் 'சாதி'ன்னு அடிச்சேன், ஒரு வாத்தியாரு சுத்தத் தமிழுன்னு கையக் குலுக்கிட்டுப் போனாரு. சந்தோஷ்குமாரு 'சந்தோசுகுமார்' ஆனான், சிரிச்சுட்டே வாங்கிட்டுப் போயிட்டான். உங்க புள்ளதான் அழுதிருக்குது.

இருங்க... உக்காந்துருச்சு, சத்தம் கேட்டுச்சுங்களா? பாருங்க. ஆ... ஸி... யா. இன்னொருக்கா நீங்களே படிச்சுப் பாத்துருங்க. கீழ ஒரு வரி சேத்துடறேன், 'இத்தவறு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவருடையது'ன்னு. கையெழுத்தும் போட்டுத் தாரேன். அது மட்டும் பத்தாதுங்க, கடையச் சாத்திட்டு நீங்க எறங்கற பஸ்ஸுலயே நானும் கூட வாரேன், ஹெட்மாஸ்டர்கிட்ட என்ற வாயால சொல்றேன். உங்க புள்ளகிட்டயும் சொல்லோணும்.

அடிச்சவன் பேருங்களா? மாணிக்கமுங்க. அதுக்கும் ஷிஃப்ட் வேண்டாமுங்க... அதனாலதான் எனக்கு உறைக்கவே இல்ல.