முதல் விருப்பம்

காக்கித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். பிள்ளைகள் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கும்போது அக்குளில் கிழியும். பன்னிரண்டு வருடமாக எங்கள் வட்டாரத்து மாணவர் படைக்கு நான்தான் உடுப்பு தைக்கிறேன். சம்பளம் கிடையாது. அங்கே யாருக்குமே கிடையாது. சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் அணிவகுத்துப் பழகுவார்கள், ராணுவம் இரவல் தந்த துப்பாக்கிகளால் அட்டையைக் குறிபார்த்துச் சுடுவார்கள். பதினெட்டு வயது முடிந்ததும் விருப்பப்பட்டவர்கள் ராணுவத்தில் சேரலாம். எங்கள் படைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு.

நீங்கள் கேட்ட கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. தேட வேண்டாம், தந்துவிடுகிறேன்.

எங்கள் படையை நடத்தும் கமாண்டரை உங்களுக்குத் தெரியும். வார நாட்களில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளரிடம் குரலே எழும்பாது. சனிக்கிழமை மைதானத்தில் இறங்கினால் ஆளே வேறு. நாட்டுக்காக நிற்பதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு மயிர்க்கூச்செறியும். என் மகனும் பதினான்கு வயதிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பதினெட்டில் ராணுவத்துக்குப் போனான். எல்லையில் சண்டைக்கு நிற்கும் களப்பிரிவு. ஏழாவது மாதம் பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்றார்கள். நான் கேட்காமல் திறந்து பார்த்தேன்.

கமாண்டர் வீட்டுக்கு வந்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "உங்க பிள்ளை நம்ம படைக்கே பேர் வாங்கிக் கொடுத்துட்டான்மா. பெருமையா இருங்க" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு பார்த்தால் டம்ளர் அப்படியே இருந்தது. அவர் கடைக்குத் தீ வைத்தால் என்ன என்று அன்று தோன்றியது. கடை போனால் இன்னொன்று வைத்துக்கொள்வார். அதனால் விட்டுவிட்டேன்.

அவருடைய ஒரே மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிட்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அளவெடுக்க வந்தபோது, துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, படையை விட்டு நின்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். நான் அவள் காதுக்குப் பஞ்சு உருட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று சுடச் சொன்னேன். அடுத்த வாரமும் நின்றேன். இப்படி ஆறு வருடம். பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னாள். அத்தை அத்தை என்று காலைச் சுற்றி வந்தாள். நான் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. உன்னால் முடியும் என்று மட்டும் சொன்னேன்.

பதினெட்டு முடிந்ததும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"அத்தை, முதல் விருப்பம்ங்கற இடத்துல என்ன எழுதட்டும்? ஆஸ்பத்திரிப் பிரிவுன்னு எழுதச் சொல்றாரு அப்பா."

"உனக்கு என்ன தோணுது?"

"நீங்களே சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்றது கண்ணு. நீ இன்னும் சிட்டுதான்னு உங்க அப்பா நினைச்சிட்டிருக்காரு."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் களப்பிரிவு என்று எழுதினாள்.

கமாண்டருக்கு விஷயம் தெரிந்ததும் ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். படையின் தபால்களை ஒரே பையில் போட்டு வாய் தைத்து அனுப்புவது என் வேலை. அவரே கொண்டுவந்து பையில் போட்டார். அவர் முதுகு மறைந்ததும் எடுத்துப் படித்தேன். மகளுக்கு இடது கண்ணில் பிறவியிலேயே பார்வை குறைவாம். கடையில் மாட்டியிருந்த எழுத்து அட்டை அவளுக்கு மனப்பாடம். அதை ஒப்பித்துத்தான் கண் பரிசோதனையில் தேறினாளாம். தயவுசெய்து அவளைக் களத்துக்கு அனுப்பாதீர்கள், மறுபரிசோதனை செய்யுங்கள் என்று எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து என் நூல்கண்டுப் பெட்டியில் வைத்தேன். பையைத் தைத்து அனுப்பினேன்.

ஒன்பது மாதம் ஆனது. குண்டு இடதுபுறத்திலிருந்து வந்தது என்று சொன்னார்கள்.

நான் கமாண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து, பெருமையாக இருங்கள் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த வலி உங்களுக்குத்தான்மா தெரியும்" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வீட்டுக்கு வந்து சிட்டுக்காக நானும் அழுதேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

கடிதம் தலைமையகத்துக்குப் போய்ச்சேரவில்லை என்று அவர் புகார் கொடுத்ததால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதோடு முடித்திருக்கலாம். நீங்கள் என் மகனின் பழைய விண்ணப்பத்தையும் தேடி எடுத்து மேசைமேல் வைக்கிறீர்கள்.

ஆமாம், முதல் விருப்பம் என்ற இடத்தில் வாகனப் பட்டறை என்று எழுதியிருப்பது என் மகனின் எழுத்து. அதை அடித்துவிட்டு மேலே களப்பிரிவு என்று எழுதியிருப்பது என்னுடையது. ஓரத்தில் கமாண்டர் குறிப்பு எழுதியிருக்கிறார்: ஒரே மகன், பட்டறையே நல்லது, தாயிடம் இரண்டு முறை பேசினேன், கேட்கவில்லை. பேசினார்தான். கிரீஸ் பூசிய கையோடு வருவதற்கா ராணுவத்துக்கு அனுப்புகிறேன், ஊர் சிரிக்காதா என்று நான் கேட்டதும் உண்மைதான். நான் சொன்னால் மறுத்துப் பேசுகிறவன் இல்லை என் மகன்.

ஆனால் அந்தத் தாளைத் தபால் பையில் போட்டது அவர், ஐயா. வேண்டாம் என்று பட்ட ஒரு தாளை அனுப்பாமல் எடுத்து வைத்துக்கொள்வது அப்படி என்ன பெரிய காரியம்? நான் செய்யவில்லையா?