பதினேழாவது அட்டை

கம்ப்யூட்டர் விளையாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. செல்போனில் கேரம் ஆடுவேன், அதுவும் பஸ் வர நேரமானால். ஆனால் சௌம்யா செய்திருக்கும் விளையாட்டை மட்டும் பதினோரு தடவை பார்த்துவிட்டேன்.

விளையாட்டு என்று பேர்தானே ஒழிய, அதில் ஓடுவதும் சுடுவதும் கிடையாது. படம் வரும். படத்தில் இருப்பவர்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. பிறகு திரை கறுப்பாகி, ஓரத்தில் பூவேலை போட்ட அட்டை ஒன்று வரும். அவர்கள் பேசியது அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். நடுநடுவே இரண்டு வழி காட்டி எது வேண்டும் என்று கேட்கும். நாம் தொடுகிற வழியில் கதை போகும். அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரி எல்லாம் கறுப்பு வெள்ளை, மேலே கோடு கோடாக மழை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சௌம்யா கலியமூர்த்தியின் மகள். கலியமூர்த்தியும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரே பிரஸ் ஷாப்பில் பதினாறு வருஷம் வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஊர் வெள்ளானூர். எங்கள் அப்பன்மார் அடுத்தவன் வயலில் நெல் அறுத்தார்கள், நாங்கள் அடுத்தவன் மெஷினில் தகடு அறுத்தோம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வேலையில் செத்துப்போனான். அப்போது சௌம்யாவுக்குப் பத்து வயசு. இப்போது போரூரில் ஒரு கம்பெனியில் படம் வரைகிறாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அப்பாவின் கதையை இப்படிச் செய்தாள்.

"ஏம்மா, பேச்சே இல்லாம யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"அப்பா வேல செஞ்ச எடத்துல யாருக்கு இன்னா கேட்டுது மாமா? நீங்கதானே சொல்வீங்க. அதான் ஊமப்படம்."

அவள் சொன்னது சரி. பன்னிரண்டு பிரஸ் ஒன்றாக இறங்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கையால்தான் பேச்சு. முஷ்டி மூடினால் நிறுத்து. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. காலரை இழுத்தால் முதலாளி வருகிறார். ஆள்காட்டி விரலை இடப்பக்கமாகச் சுற்றினால், மெஷின் சிக்கிக்கொண்டது, சக்கரத்தைப் பின்னால் திருப்பு என்று அர்த்தம். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வோம். கல்யாணமான புதிதில் என் பெண்டாட்டி, "கண்ணப் பாத்துப் பேசத் தெரியாதாய்யா உனக்கு, எப்பப் பாரு வாயவே பாக்குற" என்று கோபித்துக்கொள்வாள். பிரஸ் ஷாப்காரன் வீட்டில் எல்லாம் இந்தச் சண்டை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரஸ் மெஷினில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை ஓடாது. அதனால் பெட்டி மரத்தில் சின்னக் கட்டையாகச் சீவி இடது பட்டனில் இறுக்கிவிடுவோம். அப்புறம் வலது கைக்கு மட்டும்தான் பட்டன், இடது கை தகடு போடும், எடுக்கும். எண்ணிக்கை இரண்டு மடங்காகும். சோதனைக்கு ஆள் வந்தால் கட்டை சட்டைப்பைக்குள் போய்விடும். அந்தக் கட்டைகளைச் சீவித் தருகிறவன் நான். மெஷினில் அச்சு மாட்டிச் சரிபண்ணும் செட்டர் வேலை என்னுடையது. ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டிருப்பேன், என் கைவேலை என்று தெரிய.

கலியமூர்த்தி மட்டும் கட்டை வைக்க மாட்டான்.

"எனக்கு ரெண்டு கையும் வோணும் மச்சான். பொண்ணு இன்னும் என் கையப் புடிச்சுகினுதான் ரோடு தாண்டுது."

"பயந்தாங்கொள்ளி" என்று சைகையில் சொல்லிச் சிரிப்போம். அவனும் சிரிப்பான். அவன் மெஷின் மெதுவாக ஓடுவதால் அடுத்த மெஷின் காத்துக்கொண்டு நிற்கும்.

விபத்து நடந்தது ஒரு புதன்கிழமை, நாலு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால். கலியமூர்த்தியின் இடது கை முழங்கை வரை உள்ளே மாட்டிக்கொண்டது. ஆவடியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த நாகப்பன் அண்ணன் கோடி மெஷினிலிருந்து ஓடிவந்து, இரும்புத் தடியைச் சக்கரத்தில் போட்டுத் திருப்பி அவனை வெளியே எடுத்தார். வேனில் போகும்போதே உயிர் போய்விட்டது. அவன் சட்டைப்பையில் ஒரு கட்டை இருந்தது. விசாரிக்க வந்தவர்கள், ஆள் தானாகத் தேடிக்கொண்டது என்று எழுதினார்கள். நாகப்பன் அண்ணனும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

அவன் மனைவி ஜெகதாம்பாள் மட்டும் விடவில்லை. "அவரு கட்ட வெக்கிற ஆளே கெடையாதுண்ணே" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். "அன்னிக்கு ஒரு நாளு வெச்சிட்டாரு தங்கச்சி. விதி" என்பேன். அழுவாள். பிறகு எனக்குச் சோறு போடுவாள். அடுத்த மாசம் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். யாராவது ஒருவர் ஆகத்தானே வேண்டும்.

அந்தக் குடும்பத்தை நான் கைவிடவில்லை. சௌம்யாவைக் காலேஜில் சேர்க்கப் போனவன் நான். வீட்டுக் கூரைக்கு ஷீட் மாற்றியவன் நான். அவன் சாகும்போது என்ன சொன்னான் என்று ஜெகதாம்பாள் கேட்டபோது, "எம் பொண்ணப் பாத்துக்க" என்று சொன்னதாகச் சொன்னேன். அவனுக்கு நினைவு தப்புவதற்கு முன்னால் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் யாரும் வேறு மாதிரி சொல்ல வழியில்லை.

அந்த வரிதான் சௌம்யாவின் விளையாட்டில் பதினேழாவது அட்டை.

போன மாசம் அவள் என்னை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, செல்போனை எதிரில் நிறுத்தினாள்.

"சத்தம் வோணாம் மாமா. வாய மட்டும் அசைங்க. அப்பா எப்பிடிச் சொன்னாரோ அப்பிடியே. அதப் பாத்துப் பாத்து அப்பா வாய நான் வரைஞ்சிடுவேன்."

வாயசைத்தேன். அவள் இரண்டு வாரம் கட்டம் கட்டமாக வரைந்தாள். பிறகு போன் செய்தாள்.

"மாமா, கார்டுல மூணு வார்த்ததான் கீது. வாயி ரொம்ப நேரம் அசையுதே?"

"வலியில இருந்தாரும்மா. திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

அது பொய் இல்லை. திருப்பித் திருப்பித்தான் சொன்னான்.

நடந்தது இதுதான். அன்று மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த மெஷினை வேகப்படுத்தினால் ஃபோர்மேன் நாற்காலி உனக்கு என்றார். கலியமூர்த்தி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவன் இடது பட்டனில் ஒரு கட்டையை இறுக்கிவிட்டேன். வந்து பார்த்தால் தெரிந்துகொள்வான், கொஞ்சம் திட்டுவான், அப்படியே ஓட்டிப் பழகிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். வந்தவன் பட்டனைப் பார்க்கவில்லை. உள்ளே தகடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க இடது கையை விட்டான். சாய்வதற்காக வலது கையை வலது பட்டன்மேல் ஊன்றினான். கட்டை வைக்கிறவன் வலது பட்டனைப் பாம்பைத் தொடுகிற மாதிரி தொடுவான். வைக்காதவனுக்கு அந்தப் பயம் கிடையாது. இரண்டும் அழுத்தாமல் இறங்காது என்று நம்பி அவன் கை ஊன்றினான்.

நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். உடனே மோட்டாரை நிறுத்தினேன். அதை உடனே செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். மெஷின் கீழேயே சிக்கி நின்றுவிட்டது. இரும்புத் தடி தூணில் சாத்தியிருந்தது. எடுத்துச் சக்கரத்தைத் திருப்பினால் கை வெளியே வந்துவிடும். ஆனால் அந்த அதிர்ச்சியில் கட்டை தெறித்து மெஷினுக்கு அடியில் போய்விட்டது. அதில் என் வெட்டு இருந்தது. கலியமூர்த்தி கட்டை வாங்காதவன் என்று ஷாப்புக்கே தெரியும். நான் மண்டி போட்டு எண்ணெய்க்குள் கையை விட்டுத் தேடினேன். தூரத்தில் இருந்தவர்கள், நான் அவனை விடுவிக்கப் பாடுபடுகிறேன் என்று நினைத்தார்கள். மற்ற பதினோரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

நிமிர்ந்தபோது அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. "கட்டய வுடுடா செல்வம். சக்கரத்த திருப்பு." நான் மறுபடி குனிந்தேன். இன்னொரு தடவையும் சொன்னான். கட்டை கிடைத்து, துடைத்து, அவனே வைத்திருந்த மாதிரி அவன் சட்டைப்பையில் போடும்போது மூன்றாவது தடவை சொன்னான். அப்போது 'டா' போடவில்லை. "கட்டய வுடு அண்ணே. சக்கரத்த திருப்பு அண்ணே." என்னைவிட நாலு வயசு மூத்தவன்.

பத்து நிமிஷம் முன்னால் எடுத்திருந்தால் உயிர் தப்பி, கையோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு நான் பை வைத்த சட்டை போடுவதில்லை. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன ஞாயிறு காலை சௌம்யா விளையாட்டை டிவியில் போட்டுக் காட்டினாள். நாகப்பன் அண்ணனையும் கூப்பிட்டிருந்தாள். அவருக்கு இப்போது காது சுத்தமாகப் போய்விட்டது. "காது கேக்காதவருக்கு இதவுட நல்ல படம் எங்க கெடைக்கும்" என்று ஜெகதாம்பாள் சிரித்துக்கொண்டே கேசரித் தட்டைக் கொடுத்தாள்.

எங்கெங்கோ இரண்டு வழி கேட்ட விளையாட்டு அந்த இடத்தில் மட்டும் கேட்கவில்லை. தொப்பி போட்ட ஒரு சிநேகிதன், நான் அந்த வீட்டில் சொல்லிவைத்திருந்தபடியே, தானாகவே ஓடிப்போய்த் தடியை எடுத்தான்.

"இங்க சாய்ஸ் வெக்கல மாமா. நீங்க இன்னா பண்ணீங்கனுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றாள்.

அப்புறம் கலியமூர்த்தியின் முகம் திரை முழுக்க வந்தது. உதடு அசைந்தது. பதினேழாவது அட்டை வந்தது. ஜெகதாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாகப்பன் அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "இன்னொரு தபா போடு கண்ணு" என்றார். போட்டாள். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை முடிந்ததும் டிவியை விட்டு என்னைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மெதுவாக இடப்பக்கமாகச் சுற்றினார்.

"பெரியப்பா இன்னா சொல்றாரு மாமா?"

"ரொம்ப நல்லா கீதாம். திருப்பிப் போடச் சொல்றாரு."

சௌம்யாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். திருப்பிப் போட்டாள்.

நாகப்பன் அண்ணன் அன்று ஜெகதாம்பாளிடம் எதையும் உடைக்காமல் போய்விட்டார். பொய்ச் சாட்சியில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, அதை நினைத்திருப்பார். நாளைக்கு ஜெகதாம்பாளைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் இன்றைக்கு எழுதிவைக்கிறேன். எழுதுகிற கை கூசுகிறது. தினமும் அந்த வீட்டில் சோறு தின்ற வாயும் கூசுகிறது.

ஆனால் மறைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, செல்போனை நேராகப் பார்த்து, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சௌம்யாவிடம் சொன்னேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.