அத்தானின் பீன்ஸ் வயல்

“எது பிழைக்கும்னு நினைக்கிற?” என்று ஆராய்ச்சி மேடம் ஒருநாள் என்னைக் கேட்டார். அதற்குமுன் யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் படிப்பைப் பாதியில் விட்டேன். வேரழுகல் நோயைத் தாங்கும் பீன்ஸ் ரகத்தைத் தேடும் அந்தக் கூடத்தில், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஓரத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டினேன்.

வேகவைத்த சோளத்தில் பூஞ்சையை வளர்த்து, அதை மண்ணில் கலந்து விதைப்போம். அநேகமாக எல்லாம் வாடிச் சாய்ந்துவிடும். நான் காட்டியது சாயவில்லை.

தொட்டியில் பிழைத்தால் மட்டும் போதாதாம். நோய் கண்ட வயலிலும் நிற்க வேண்டுமாம். “இங்க அப்படி வயலே இல்லம்மா. நான் வேற ஊருக்குத்தான் போகணும்” என்றார் மேடம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவின் வயல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பூஞ்சை ஏறிய சோளத்தைப் பையில் அள்ளிக்கொண்டு போனேன்.

“உரம், அத்தான். மேடம் குடுத்தாங்க.”

“அட, ஊமைக்கிளி பேசுது! இனிமே மழைக்குப் பஞ்சமில்ல” என்று சிரித்தபடி அத்தானே வயல் முழுக்கத் தூவினார்.

பூக்கிற நேரத்தில் இலைகள் மஞ்சளாயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் நனைந்த நூல்போல அறுந்து வந்தது. மேடம் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த வயலிலேயே ஒரு மூலையில் எங்கள் ரகங்களை விதைத்தோம். என் செடி நின்றது. நான் சந்தோஷப்பட்டேன்; யாராக இருந்தாலும் படுவார்கள்.

அந்தப் பூஞ்சை மண்ணைவிட்டு லேசில் போகாது. விளைச்சல் இல்லாமல் அத்தான் வெளியூருக்கு மூட்டை தூக்கப் போனார். ஒருநாள் சுமையோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதில் என் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மூட்டை அதிக கனமாக இருந்திருக்கும்.

அழுது வீங்கிய முகத்தோடு அக்கா வந்திருந்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சோளத்தைக்கூட மறைக்கவில்லை.

“உன் வயல் இல்லன்னா இந்த ரகமே கிடைச்சிருக்காதுக்கா. முதல் விதை உனக்குத்தான்” என்று கைநிறைய நீட்டினேன்.

அக்கா, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.